வீட்டில் கஞ்சா வளர்க்க ஒரு புத்தகம்

வீட்டில் கஞ்சா வளர்ப்பது எப்படி என்று புத்தகம் எழுதியவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு தக்காளிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். மீதிப் பாதிப் பேர் எதையோ விற்க வந்தவர்கள். கரிச்சுரங்க ஊரான எங்கள் வானெ-ஐக்கெலில், கடைத்தெருவில் இருக்கும் புத்தகக் கடையில், அந்த மேசைக்கு முன்னால் நின்ற கொஞ்ச நேரத்திலேயே எனக்கு இது பிடிபட்டுவிட்டது.

சட்டம் மாறிய வசந்தகாலம் அது. வயது வந்த ஒவ்வொருவரும் வீட்டில் மூன்று செடி வைத்துக்கொள்ளலாம் என்று பெர்லினில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். உடனே கடைக்காரர்கள் மேசை போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு சமைக்கும் புத்தகங்கள், மறு பக்கம் கஞ்சாப் புத்தகங்கள். நேற்றுவரை இதற்காக ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்றைக்குப் பளபளப்பு அட்டை போட்டு விற்கிறார்கள். இந்த மாதிரி மாற்றத்தையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் ரோஸ்விதாவுக்குத் தூக்கமில்லை.

ரோஸ்விதா என் மனைவி. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவளுக்கு இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. எரிச்சல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. சட்டைத் துணி பட்டாலே இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருக்கிறது என்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரை எரிச்சலைக் குறைக்கவில்லை, ஆளைக் குறைத்தது. காபி போடப் போனவள் ஒருநாள் அடுப்போடு சாய்ந்தாள். அன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டாள். கஞ்சா எழுதிக் கொடுக்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, தான் அதெல்லாம் எழுதுவதில்லை என்று டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தே பதில் சொன்னார்.

இரவில் படுக்கை அவளுக்கு ஆகாது. எழுந்து முன்னறைக்குப் போவாள், விளக்கைப் போட்டுக்கொண்டு மேசையில் துண்டுப்படம் அடுக்குவாள். அட்டையில் அச்சிட்ட பெரிய படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அது. "விரலுக்கு வேலை இருந்தா விலா கொஞ்சம் மறந்துபோகுது" என்பாள். அந்தப் பெட்டிகளை வாங்கித்தான் எனக்குப் புத்தகக் கடைக்கு வழி தெரியும். மற்றபடி பதினாலு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்குப் புத்தகக் கடையில் என்ன வேலை?

கடையில் இருந்த பெண் பக்கத்தில் வந்தாள். சட்டையில் ஸ்வென்யா என்று பெயர் குத்தியிருந்தது.

"என்ன தேடறீங்க ஐயா?"

"இதுல பொய் சொல்லாத புத்தகம் எது?"

சிரித்தாள். "எல்லாத்தையும் நான் படிக்கலையே."

"படிக்காமலேயே விக்கிற?"

"அஸ்பாரகஸ் புத்தகமும்தான் விக்கிறேன். அத்தனையும் சமைச்சுப் பார்த்தா நான் இந்த வாசல்ல நுழைய முடியுமா?"

வாய் இருந்தது. எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் நம்பவில்லை.

அவள் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து நல்லா இருக்குன்னு சொன்னது இதைத்தான். வீட்டுக்குள்ள வளர்க்கிறவங்களுக்கு இதுதான் சரி."

பின்னட்டைப் படத்தில் புத்தகத்தை எழுதியவன் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். உள்ளே புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கூடாரம். துணியில் செய்து ஜிப் வைத்த கூடாரம். செடியை அதற்குள் வைக்க வேண்டுமாம். கடைசித் தாளில் ஒரு கடையின் விளம்பரம், அதிலும் கூடாரம்.

"இவன் புத்தகம் எழுதினானா, கூடாரம் தைக்கிறானா?"

"சின்ன வீட்டுக்குக் கூடாரம் நல்லதுன்னு சொல்றார் ஐயா."

"நாங்க என்ன முகாமுக்கா போறோம்?"

அதைக் கீழே வைத்தேன். கறுப்பு அட்டைப் புத்தகம் செங்கல் கனம். அமெரிக்காக்காரன் எழுதியதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். படமெல்லாம் மலைச்சரிவும் வெயிலும். அந்த வெயிலில் துடைப்பக்குச்சியை நட்டாலும் துளிர்க்கும். எங்கள் ஊர் வானத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? இன்னொன்று வக்கீல் எழுதியது. செடியைப் பற்றி ஒரு வரி, அபராதத்தைப் பற்றி ஒரு அத்தியாயம். படித்து முடிப்பதற்குள் செடியும் செத்துவிடும், நானும் செத்துவிடுவேன்.

சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு மேற்பார்வைக்காரர் வந்தால், முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்போம். "நீ எங்கே கோட்டை விட்ட?" எங்கேயும் விடவில்லை என்று சொன்னால் அவர் முட்டுக்கொடுத்த கூரைக்கடியில் நாங்கள் சும்மா நிற்கக்கூட மாட்டோம். இந்த மாதிரி இடத்தில் கூரை சரிந்தது, என் கவனக்குறைவுதான் என்று சொன்னவரோடு கண்ணை மூடிக்கொண்டு போவோம். உயிரை வைத்துச் சோதித்த வழக்கம். புத்தகத்துக்கு மட்டும் பொருந்தாதா என்ன?

ஒவ்வொன்றிலும் எழுதியவர் தன் தப்பைச் சொல்லும் இடத்தைத் தேடினேன். நான் மெதுவாகப் படிக்கிறவன். ஸ்வென்யா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பச்சைக்காரன் தப்பே செய்யாத ஆள். கறுப்புக்காரனும் அப்படித்தான். அடியில் கிடந்த மஞ்சள் அட்டைப் புத்தகம் மெல்லியது, படம்கூடக் கையால் வரைந்தது. எழுதியது ஒரு அம்மாள். திறந்ததுமே இப்படி இருந்தது: "முதல் செடியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே கொன்றேன். இரண்டாவதைப் பூனை தின்றது. மூன்றாவதை அவசரப்பட்டு அறுத்தேன், அது வைக்கோல் மாதிரி இருந்தது."

"இதைக் குடும்மா" என்றேன்.

"அதுல கொஞ்சம்தான் விஷயம் இருக்கு ஐயா. பச்சையை இன்னொரு தடவை பாருங்களேன்."

"விலை ஜாஸ்தின்னு பச்சையைத் தலையில கட்டுற."

"எந்தக் கடைக்குப் போனாலும் புத்தகத்துக்கு அதே விலைதான். எனக்கு ஒண்ணும் கூடக் கிடைக்காது." பெருமூச்சு விட்டுக்கொண்டே பில் போட்டாள். "பரிசுப் பொட்டலமாக் கட்டட்டுமா?"

"யாருக்குக் குடுக்க? போலீஸ்காரனுக்கா?"

வீட்டுக்கு வந்தால் துர்சுன் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் படி துடைக்கும் முறை அவனுக்கு. மேல்வீட்டுக்காரன். சுரங்கத்துக்குள் மின்கம்பி வேலை பார்த்தவன். அவன் அப்பா துருக்கியிலிருந்து வந்து எங்களோடுதான் கரி வெட்டினார்.

"என்ன எர்வின், கக்கத்துல?"

"புத்தகம்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து அட்டையைப் பார்த்தான். "கஞ்சாவுக்குப் புத்தகமா! உலகம் பூரா படிக்காதவன்தான்யா அதை வளர்க்கிறான். நீ அதுக்காகப் படிக்கக் கத்துக்கிறியா?"

"உன் வேலையப் பாரு. அந்த மூலையில அழுக்கு அப்படியே இருக்கு."

"அது அழுக்கில்ல, உன் செருப்பு இப்ப வச்ச தடம்."

விதை தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைக் காபிக்குக் கேக்கோடு உட்காரும்போது நான் மஞ்சள் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். ரோஸ்விதா கேட்டுக்கொண்டு, நான் தடுக்குகிற இடத்தில் எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பூனை வரும் இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். சிரித்தால் விலா எரியும், ஆனாலும் சிரித்தாள்.

மூன்று விதையில் ஒன்று முளைக்கவில்லை. ஒன்றை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன், அப்படி ஊற்றாதே என்று புத்தகம் சொல்லியும். மிச்சமிருந்த ஒன்று முன்னறை ஜன்னலோரம் வளர்ந்தது. அந்த ஜன்னலில்தான் வெயில் வரும். படுக்கையறை ஜன்னல் வடக்கே முற்றத்தைப் பார்த்தது. கோடை முழுக்க நன்றாக வளர்ந்து திரைச்சீலைக் கம்பியைத் தொட்டது. செப்டம்பரில் பூக்க வேண்டும் என்றது புத்தகம். செப்டம்பர் போயிற்று. இலை மேல் இலை விட்டது, பூவைக் காணோம். ரோஸ்விதா துறைமுகப் படம் ஒன்றை முடித்துவிட்டு, அதைவிடப் பெரிய இன்னொரு துறைமுகத்தை ஆரம்பித்திருந்தாள். பாதிக்கு மேல் வெறும் ஆகாயம். நீலத்தில் எந்தத் துண்டு எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விட்டுவிட்ட அத்தியாயத்தைப் படித்தேன். "பூக்க வேண்டுமானால் செடிக்கு நீண்ட இரவு வேண்டும். மாலையிலிருந்து காலைவரை ஒரே இருட்டு. நடுவில் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலும் பகல் வந்துவிட்டது என்று செடி ஏமாந்துபோகும். பூக்காது."

நான் நிறுத்தினேன். ரோஸ்விதா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். மேசைக்கு மேலே தொங்கிய விளக்கை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"தெருவிளக்குதான்" என்றேன். "ஜன்னலுக்கு நேரா நிக்குதே, அதுதான்."

"ஆமா, தெருவிளக்குதான்" என்றாள்.

அன்றிலிருந்து எட்டு மணிச் செய்தி முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே உருளும் மரத்தடுப்பைக் கீழே இறக்கினேன். அதை இறக்கினால் சுரங்கம் மாதிரி இருட்டு. தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய் ரேடியோ கேட்டோம். பகல் சுருங்கிக்கொண்டு வந்ததால், பகலுக்கென்று ஒரு செடி விளக்கை வாங்கி மாட்டினேன்.

நவம்பரில் பூத்தது. கணுவுக்குக் கணு வெள்ளை மயிர் விட்ட பூ. வாசனை கதவைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போயிற்று. துர்சுன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தான்.

"மரநாய் செத்த மாதிரி இருக்கேய்யா!"

"பார்த்தியா? புத்தகம் வேணாம்னு சொன்னியே."

"சரி, சரி. நீ பேராசிரியர்தான். அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லாத் தூங்குறா. பூ பறிக்கறதுக்கு முன்னாடியே குணம் தெரியுது" என்றேன்.

ரோஸ்விதா அவனுக்குக் காபி ஊற்றினாள்.

அவள் தூங்குகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்தால் அவள் பக்கத்துப் படுக்கையில் இல்லை, ஆனால் அவள் எப்போதும் எனக்கு முன்னால் எழுகிறவள். முன்னறையில் விளக்கு எரிவதில்லை. கதவிடுக்கில் வெளிச்சமில்லை. அப்படியானால் தூங்கியிருக்கிறாள். வேறென்ன?

ஒருநாள் மேசையைத் துடைக்கப் போனேன். துண்டுப்படம் அப்படியே கிடந்தது. துறைமுகம் முடிந்திருந்தது, கப்பல் முடிந்திருந்தது, ஆகாயம் இருந்த இடத்தில் ஓட்டை. செடி பூப்பதற்கு முன்னால் பார்த்த அதே ஓட்டை. தூங்குகிறவளுக்கு எதற்குத் துண்டுப்படம், நல்லதுதானே என்று துணியை உதறினேன். அப்போது அவள் காலுறை மாற்றிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு நெடுக நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. பழைய காயம் ஒன்று, அதற்கு மேலே புதுசு ஒன்று, அடுத்த காலிலும் ஒன்று.

"என்ன ரோசி இது?"

"ஒண்ணுமில்ல. இடிச்சுக்கிட்டேன்."

"எதுல?"

"மேசையில."

"இந்த மேசை நம்ம கல்யாணத்துலருந்து இங்கதான் இருக்கு. இத்தனை வருஷம் இடிக்காதவ இப்ப இடிப்பியா?"

அவள் காலுறையை மேலே இழுத்துவிட்டாள். "இருட்டுல எப்படித் தெரியும்?"

"விளக்கைப் போட வேண்டியதுதானே."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை. களைத்துப்போன பார்வை. "போட்டா உன் செடி முழிச்சுக்கும்ல?"

கையிலிருந்த துணியை மேசையில் போட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"தினமுமா?"

"பின்ன? எரிச்சல் லீவு போடுமா? சோபாவுல வந்து உக்காந்துக்குவேன். முதல்ல ரெண்டு நாள் துண்டைக் கையால தடவித் தடவிப் பார்த்தேன். ஆகாயத்தை எப்படித் தடவிக் கண்டுபிடிக்கிறது? அப்புறம் சும்மா உக்காந்துட்டேன்."

"சமையலறையில போய் விளக்கைப் போட்டிருக்கலாமே."

"சமையலறைக் கதவைத்தான் நீ எப்பவோ கழட்டிப் போட்டுட்டியே. வெளிச்சம் நேரா இங்கதான் வருது."

"என்னை எழுப்பியிருக்கலாம்."

"எழுப்பி? ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்திருக்கவா?" அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "பூத்துடுச்சேய்யா. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே."

எனக்காகவும் சேர்த்து அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். நான் துர்சுனிடம் பேராசிரியர் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். அந்த அம்மாள் ஒரு தப்பையும் மறைக்கவில்லை. எல்லாத் தப்பையும் சொல்லியிருந்தாள், ஆனால் எல்லாம் அவள் செய்த தப்பு. அவள் தனியாக வாழ்கிறவள், கூட ஒரு பூனை. பூனைக்கு இரவில் விளக்கு வேண்டாம். வீட்டில் தூங்காத இன்னொரு ஆள் இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை. பொய் சொல்லாத புத்தகம்தான் கேட்டேன். ஸ்வென்யா வேறொன்றைக் கொடுக்கப் பார்த்தாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அஸ்பாரகஸ் மேசையில் இப்போது கிறிஸ்துமஸ் பலகாரப் புத்தகங்கள் இருந்தன. கஞ்சாப் புத்தகங்களை உள்ளே ஒரு அலமாரித் தட்டுக்குத் தள்ளியிருந்தார்கள். பச்சை அட்டையை எடுத்து நின்றபடியே படித்தேன். கூடாரப் படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும். பாதிக்கு மேல் போனதும் வந்தது: "இரவு வேலைக்குப் போய் வருகிறவரோ, கைக்குழந்தையோ, தூக்கமில்லாத நோயாளியோ வீட்டில் இருந்தால், அவர்கள் விளக்கையும் செடியின் இருட்டையும் பிரித்துவிடுங்கள். செடிக்குத் தனி அறை கொடுங்கள். அறை இல்லாவிட்டால் கூடாரம். கூடாரம் வாங்க வேண்டாமென்றால் பழைய துணி அலமாரி போதும். கதவிடுக்கை அடைத்துவிடுங்கள்."

பழைய துணி அலமாரி போதும். கூடாரம் விற்கிறவன் என்று நான் ஒதுக்கியவன் எழுதியது.

"இது நூலகம் இல்லைங்க ஐயா" என்று பின்னால் ஸ்வென்யாவின் குரல். திரும்பினேன். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அப்போதே சொன்னேனே என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "உங்க மனைவிக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். துண்டுப்படம் யாருக்கு வாங்குகிறேன் என்று எப்போதோ சொல்லியிருப்பேன் போல. அவள் சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பச்சையை வாங்கினேன். நின்று படித்ததற்குக் கூலி.

துர்சுனைக் கூப்பிட்டேன். படுக்கையறை அலமாரி ரோஸ்விதாவின் அம்மா வீட்டுச் சீதனம், கருவாலி மரம், இரண்டு பேரும் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. அதனால் அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது, உள்ளே இருந்த துணிகள்தான் வெளியே வந்தன. துர்சுன் கம்பி இழுத்து, உள்ளே விளக்கு மாட்டி, சின்ன மின்விசிறி வைத்து, நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணைகிற மாதிரி செய்தான். நான் இடுக்கெல்லாம் கம்பளித் துணி அடைத்தேன். செடியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேல் கிளை ஒன்று கதவில் பட்டு முறிந்தது. துர்சுன் கெட்ட வார்த்தை சொன்னான். துருக்கி மொழியில் சொன்னதால் ரோஸ்விதா கேட்காத மாதிரி இருந்தாள்.

"என் கோட்டையெல்லாம் எங்கய்யா மாட்டுறது?" என்றாள் அவள்.

"சமையலறையில ஆணி அடிச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வெங்காய நாத்தத்தோட போகணுமா?"

"கஞ்சா நாத்தத்தோட போறதுக்கு வெங்காயம் தேவலாம் அக்கா" என்றான் துர்சுன்.

அன்றைக்குச் சாயங்காலம் செய்தி முடிந்த பிறகும் முன்னறை விளக்கை நான் அணைக்கவில்லை. மறுநாள் காலையில் ஆகாயத்தில் ஒரு மூலை நிரம்பியிருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து பூவை அறுத்துக் காயப்போட்டோம். புகை பிடிக்க மாட்டேன் என்று ரோஸ்விதா பிஸ்கட்டில் சேர்த்துச் செய்தாள். மிகவும் சுமாரான பிஸ்கட். குணம் என்று கேட்டால், பாதி. சில இரவு தூங்குகிறாள். சில இரவு எரிச்சல் ஜெயித்துவிடுகிறது. அடுத்த தடவைக்குப் பச்சைப் புத்தகத்தில், இருட்டைப் பற்றிக் கவலைப்படாமல் வயது வந்ததும் தானாகப் பூக்கும் ரகம் ஒன்றைப் போட்டிருக்கிறான். அது உண்மையா என்று தெரியவில்லை. எங்கே கோட்டை விட்டான் என்று அவன் இன்னும் சொல்லவில்லையே.

இப்போதும் காலையில் எழுந்ததும் முதலில் மேசையைத்தான் பார்க்கிறேன். துண்டுகள் கூடியிருந்தால் அவள் தூங்கவில்லை, அது தெரிந்த சங்கதி. கூடாமல் இருந்தால் தூங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் அதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவள் காலுறை மாட்டுகிறவரை காத்திருந்து, முழங்காலுக்குக் கீழே பார்த்துவிட்டுத்தான் காபி வைக்கப் போகிறேன்.